புரோஸ்டேட் திசுவில் பெப்டைடு ஹார்மோன்கள் எங்கே இருக்கின்றன? ஸ்லைடில் தேடிப் பிடிக்க முழுமையான வழிகாட்டி

இந்தத் துண்டு சுரப்பியின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? புரோஸ்டேட்டில் பெப்டைடு ஹார்மோன் (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலியான ஹார்மோன்) தேடும் வேலை இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. விலை உயர்ந்த ஆன்டிபாடி வாங்கி, சாயமும் பிசகில்லாமல் போட்டு, கடைசியில் ஸ்லைடில் ஒன்றும் தெரியவில்லை என்று உட்கார்ந்திருப்பவர்கள் பலருக்கும் சிக்கல் சாயத்தில் இருப்பதில்லை. ஹார்மோன் சுரக்கும் செல்கள் அரிதாக இருக்கும் இடத்தில் தேடியிருப்பார்கள், அவ்வளவுதான். புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் பக்கம் நோயியல் மேற்படிப்பு ஆய்வேட்டுக்காகவோ, ஆய்வகத் தொழில்நுட்பப் படிப்புக்காகவோ இந்த வேலையில் இறங்குகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறோம். இந்தக் கடற்கரையின் வெயில், ஈரக்காற்று, உப்புத் தண்ணீர் மூன்றும் சாயத்தில் கை வைக்கும். அதையும் அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

சுரப்பியின் வரைபடம்

நோயியல் வல்லுநர் ஜான் மெக்நீல் வகுத்த மண்டலப் பிரிவைத்தான் இன்றும் எல்லோரும் பின்பற்றுகிறார்கள். இளவயது ஆணின் சுரப்பித் திசுவில் சுமார் 70% புற மண்டலம், 25% மைய மண்டலம், 5% இடைநிலை மண்டலம். இவற்றோடு சிறுநீர்த்தாரையை ஒட்டிய குறு நாளங்கள் உண்டு. முன்பக்கத்தில் சுரப்பியே இல்லாத தசைநார்ப் பட்டை உண்டு. சிறுநீர்த்தாரையின் பின்சுவரில் மேடாக எழும்பி நிற்பது வெருமாண்டானம். விந்து பீச்சு நாளங்கள் திறப்பது அங்கேதான்.

ஹார்மோன் சுரக்கும் நியூரோஎண்டோகிரைன் செல்கள் இந்தச் சுரப்பியில் எங்குமே கூட்டமாக இருப்பதில்லை. மொத்த எபிதீலியச் (உட்பூச்சுச்) செல்களில் 1 சதவீதத்துக்கும் கீழ்தான். அடிச்செல்களுக்கும் சுரக்கும் செல்களுக்கும் நடுவே ஒன்றிரண்டாகச் செருகிக்கொண்டு நிற்கும். இருந்தாலும் எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தி கிடையாது. வெருமாண்டானத்திலும், சிறுநீர்த்தாரையை ஒட்டிய நாளங்களிலும், பெரிய நாளங்களின் வாய்ப்பகுதியிலும் அதிகம். புற மண்டலத்தின் சுரப்புக் குமிழ்களில் சிதறலாக இருக்கும். மைய மண்டலத்தில் மிகக் குறைவு. புற்றில்லாமல் சுரப்பி பெருக்கும்போது வரும் வீக்க முடிச்சுகளைப் பொறுத்தவரை, சிறிய புது முடிச்சில் கிடைக்கலாம். பெரிய, முதிர்ந்த முடிச்சில் பல செக்‌ஷன் பார்த்தாலும் ஒன்றுகூடக் கிடைக்காமல் போகலாம்.

வயதும் கணக்கில் வரும். பிறந்த குழந்தையின் சுரப்பியில் எல்லாப் பகுதியிலும் இந்தச் செல்கள் காணப்படும். சில மாதங்களில் புறப்பகுதியில் மறைந்து, பருவ வயதில் மறுபடி தலைகாட்டும். சிறுநீர்த்தாரையை ஒட்டிய பகுதியில் மட்டும் கடைசிவரை நிலைத்திருக்கும்.

இதிலிருந்து நேரடியாக ஒரு நடைமுறைக் கணக்கு கிடைக்கிறது. சிறுநீர்த்தாரை வழியாகச் சுரண்டி எடுத்த துண்டுகளில் பெரும்பாலும் இடைநிலை மண்டலமும் சிறுநீர்த்தாரையை ஒட்டிய திசுவும்தான் இருக்கும். ஆசனவாய் வழி ஊசி பயாப்சியில் பெரும்பாலும் புற மண்டலம். இரண்டையும் ஒன்றாகக் கலந்து, 'வீக்கத்தில் இத்தனை, புற்றில் இத்தனை' என்று ஒப்பிட்டால், நீங்கள் அளப்பது நோயின் வித்தியாசத்தை அல்ல, இடத்தின் வித்தியாசத்தை. ஆய்வேடுகளில் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை இது. வாய்மொழித் தேர்வில் தெரிந்தவர் ஒருவர் கேட்டால் பதில் சொல்ல முடியாது.

மூன்று வீடுகள்

பெப்டைடுகள் இந்தச் சுரப்பியில் மூன்று இடங்களில் குடியிருக்கின்றன. எதைத் தேடுகிறோம் என்று முடிவு செய்யாமல் ஆன்டிபாடி வாங்கக் கூடாது.

முதல் வீடு நியூரோஎண்டோகிரைன் செல். 1944-ல் பிரெட்ல் வெள்ளிச் சாயத்தின் உதவியோடு மனிதப் புரோஸ்டேட்டில் இவற்றை விவரித்தார். ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் அவற்றின் துகள்களுக்குரிய பொதுப் புரதமான குரோமோகிரானின் ஏ இருக்கும், செரோட்டோனினும் இருக்கும். (செரோட்டோனின் பெப்டைடு இல்லை, அமீன். ஆய்வேட்டின் தலைப்பில் 'பெப்டைடு' என்று போட்டுவிட்டு உள்ளே செரோட்டோனினைச் சேர்ப்பவர்கள் இதை ஒரு வரியில் தெளிவுபடுத்திவிட வேண்டும்.) இவற்றுள் ஒரு பகுதிச் செல்களில் கால்சிடோனின், அதே மூல மூலக்கூறிலிருந்து வெட்டப்படும் கட்டாகால்சின், பாம்பெசின் குடும்பத்தைச் சேர்ந்த காஸ்ட்ரின் விடுவிப்புப் பெப்டைடு, சோமாடோஸ்டேடின், தைராய்டு தூண்டு ஹார்மோனைப் போன்ற பெப்டைடு, பாராதைராய்டு ஹார்மோன் சார் புரதம் ஆகியவை உண்டு. ஒரே செல்லில் இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கும். ஆகவே குரோமோகிரானின் பாசிட்டிவ் என்றால் 'இங்கே ஒரு நியூரோஎண்டோகிரைன் செல் இருக்கிறது' என்று மட்டும்தான் பொருள். உள்ளே எந்த ஹார்மோன் என்பதை அது சொல்லாது.

இரண்டாவது வீடு நரம்பு இழை. நியூரோபெப்டைடு ஒய் கொண்ட இழைகள் தசைநார் ஸ்ட்ரோமாவில் (குமிழ்களுக்கு இடையே உள்ள தாங்கு திசுவில்) நிறைய ஓடும்; நோரட்ரினலின் நரம்புகளோடு சேர்ந்தே இருக்கும். விஐபி எனப்படும் குடல் இரத்தநாள விரிவுப் பெப்டைடு கொண்ட இழைகள் குமிழ்களைச் சுற்றி, எபிதீலியத்தின் அடியை ஒட்டி வரும். சப்ஸ்டன்ஸ் பி, கால்சிடோனின் ஜீன் சார் பெப்டைடு ஆகியவை கொண்ட இழைகள் சொற்பம். சுரப்பியின் பின்பக்கவாட்டில், கடிகாரத்தில் 5 மணி, 7 மணி இருக்கும் இடங்களில் செல்லும் நரம்பு-இரத்தநாளக் கட்டில் நரம்புமுடிச்சுச் செல்களையே பார்க்கலாம்.

மூன்றாவது வீடு சாதாரணச் சுரக்கும் செல்லும் அதன் நீரும். ரிலாக்சின் இங்கே உருவாகி விந்துநீரில் சேர்கிறது. தைரோட்ரோபின் விடுவிப்பு ஹார்மோனை ஒத்த, நடு அமினோ அமிலம் மட்டும் மாறிய மூன்று அமினோ அமிலப் பெப்டைடு ஒன்றும் புரோஸ்டேட்டில் உண்டு. இங்கே சாயம் செல்செல்லாகப் பிரிந்து நிற்காமல் வரிசையாகப் பரவித் தெரியும். அதைப் பார்த்து 'நியூரோஎண்டோகிரைன் செல்கள் ஏராளம்' என்று எழுதிவிடக் கூடாது.

திசு வாங்குவதற்கு முன்

நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முதலில். நோயறிய எடுத்த பிளாக்கில் (மெழுகில் பதித்த திசுவில்) மிச்சமிருப்பதைப் பயன்படுத்துவதாக இருந்தாலும் விண்ணப்பம் போட்டே ஆக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளின்படி, அடையாளம் நீக்கப்பட்ட மிச்சத் திசுவுக்கு நோயாளியின் தனி ஒப்புதலிலிருந்து விலக்கு தரும் அதிகாரம் அந்தக் குழுவுக்கு உண்டு. அந்த விலக்கை நீங்களே எடுத்துக்கொள்ள முடியாது.

அறுவை அரங்கிலிருந்து வரும் படிவத்தில் நான்கு விவரங்களைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்: எந்த முறையில் எடுத்தது, திசு வெளியே வந்த மணி, ஃபார்மலினில் போட்ட மணி, நோயாளி ஆண்ட்ரோஜன் (ஆண் ஹார்மோன்) தடுப்புச் சிகிச்சையில் இருக்கிறாரா. கடைசி விவரம் மிக முக்கியம். நியூரோஎண்டோகிரைன் செல்லில் ஆண்ட்ரோஜன் ஏற்பி இல்லாததால் அந்தச் சிகிச்சையில் மற்ற செல்கள் சுருங்கும்போதும் இவை தாக்குப்பிடிக்கும். புற்றிலோ, நீண்ட சிகிச்சைக்குப் பிறகு நியூரோஎண்டோகிரைன் தன்மையே கூடிவிடலாம். சிகிச்சையில் இருப்பவரையும் இல்லாதவரையும் ஒரே பட்டியலில் அடைத்தால் எண்ணிக்கை வெறும் எண்ணாகவே நிற்கும்.

ஃபார்மலின்: பாதி வேலை இங்கே

சுரண்டி எடுத்த துண்டுகள் சீவிய தேங்காய்ப் பத்தை போல, ஓரம் பழுப்பேறி, கழுவுநீரில் மிதந்தபடி வரும். அந்த நீரிலேயே ஒரு மணி நேரம் கிடந்தால் செல்கள் ஊதிவிடும், சிறு பெப்டைடுகள் கசிந்துபோகும். வடிகட்டி, உடனே 10% நடுநிலை பஃபர் ஃபார்மலினுக்கு மாற்றச் சொல்லுங்கள். கடலூரில் அறுவை முடிந்து, சுமார் 20 கிலோமீட்டர் தாண்டிப் புதுச்சேரியில் ஆய்வகம் என்றால், திசு ஃபார்மலினில்தான் பயணப்பட வேண்டும். உப்புநீரில் நனைத்த பஞ்சில் சுற்றி அனுப்புவது ஹார்மோன் வேலைக்குச் சரிப்படாது.

1 லிட்டருக்கு: 37 முதல் 40% ஃபார்மால்டிஹைடு கரைசல் 100 மில்லி, வாலை வடித்த நீர் 900 மில்லி, ஒற்றை நீர் மூலக்கூறு கொண்ட சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். திசுவைப் போல 10 முதல் 20 மடங்கு அளவு திரவம் வேண்டும். ஊசி பயாப்சிக்கு 6 மணி நேரம் குறைந்தபட்சம். சுரண்டிய துண்டுகளுக்கும் பெரிய வெட்டுகளுக்கும் 24 மணி நேரம். 48-ஐத் தாண்ட விடாதீர்கள். தாண்டினால் புரதங்கள் ஒன்றோடொன்று இறுகிப் பின்னி, ஆன்டிபாடி நுழைய வழியில்லாமல் போகும். வெள்ளிக்கிழமை மாலை வந்த திசு திங்கள் காலைவரை கிடப்பதுதான் இங்கே வழக்கமான தவறு.

பஃபர் போடாத பழைய ஃபார்மலின் அமிலமாகிவிடும். இரத்தம் தோய்ந்த திசுவில் அது கரும்பழுப்புத் தூளாகப் படியும். பழுப்பு நிறச் சாயம் தேடும் வேலையில் இதைவிடத் தொல்லை வேறில்லை. துருவ ஒளியில் அந்தத் தூள் மின்னும், சாயம் மின்னாது. வேறுபாடு காண இந்தச் சோதனை போதும்.

பூயின் திரவம் பெப்டைடுகளுக்குப் பழைய, நம்பகமான நிலைப்படுத்தி: நிறைசெறிவு பிக்ரிக் அமிலம் 75 மில்லி, ஃபார்மலின் 25 மில்லி, அசிட்டிக் அமிலம் 5 மில்லி. ஆனால் பிக்ரிக் அமிலம் உலர்ந்தால் வெடிக்கும் பொருள். கத்திரி வெயிலில் மூடி தளர்ந்த பாட்டிலில் அது உலர அதிக நாள் ஆகாது. எப்போதும் நீர் மூடிய நிலையில் வைத்து, வாரம் ஒருமுறை பார்க்க ஆள் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

பிளாக்கும் வெட்டும்

துண்டுகளை எடை போடுங்கள். 12 கிராம்வரை என்றால் முழுவதையும் பிளாக்கில் வையுங்கள். அதற்கு மேல் என்றால் முதல் 12 கிராமும், கூடுதலான ஒவ்வொரு 5 கிராமுக்கும் ஒரு கேசட்டும். முழுச் சுரப்பி கிடைத்தால் வெருமாண்டானம் வழியாக ஒரு குறுக்கு வெட்டு கட்டாயம் இருக்கட்டும். அந்த ஒரு பிளாக், மற்ற பத்து பிளாக்கைவிட அதிகம் பேசும்.

செக்‌ஷன் 3 முதல் 4 மைக்ரோமீட்டர். தண்ணீர்த் தொட்டியின் வெப்பம் பாரஃபினின் உருகுநிலையைவிட 10 டிகிரி குறைவாக இருக்கட்டும். ஸ்லைடு பாலி-எல்-லைசின் அல்லது சைலேன் பூசியதாக இருக்க வேண்டும். சாதாரண ஸ்லைடில் ஒட்டினால் பிரஷர் குக்கரில் பாதித் திசு மிதந்துபோகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றே ஈரமாக இருக்கும்போது செக்‌ஷனுக்கு அடியில் நீர் தங்கிவிடும். 37 டிகிரியில் இரவு முழுவதும் வைத்து, காலையில் 60 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் பிடித்துக்கொள்ளும்.

ஒவ்வொரு பிளாக்கிலும் குறைந்தது ஆறு தொடர் செக்‌ஷன் வெட்டி, வரிசை எண் போடுங்கள். முதலாவது வழக்கமான சாயமான ஹெமடாக்சிலின்-இயோசினுக்கு, இரண்டாவது குரோமோகிரானினுக்கு, மூன்று முதல் ஐந்துவரை தனித்தனி ஹார்மோன்களுக்கு, ஆறாவது ஆன்டிபாடி இல்லாமல். செல்லின் அகலம் சுமார் 10 மைக்ரோமீட்டர் என்பதால் அடுத்தடுத்த இரண்டு செக்‌ஷன்களில் ஒரே செல்லைப் பிடிக்க முடியும். ஐந்தாவதுக்குப் போகும்போது அது வேறு செல்.

ஆன்டிபாடி: எது எதைப் பிடிக்கும்

பழைய கட்டுரைகளில் 'போன்ற பெப்டைடு' என்ற சொல் அடிக்கடி வருவதற்குக் காரணம் உண்டு. ஆன்டிபாடி ஒரு ஹார்மோனின் பெயரைப் படிப்பதில்லை, சில அமினோ அமிலங்களின் வடிவத்தைத்தான் பிடிக்கிறது. அதே வடிவம் வேறொரு பெப்டைடில் இருந்தால் அதையும் பிடிக்கும்.

பாம்பெசின் ஐரோப்பியத் தவளை ஒன்றின் தோலிலிருந்து கிடைத்த 14 அமினோ அமிலப் பெப்டைடு. மனிதத் திசுவில் இருப்பது 27 அமினோ அமிலம் கொண்ட காஸ்ட்ரின் விடுவிப்புப் பெப்டைடு. இரண்டின் வால் நுனியும் ஒன்றுபோல இருப்பதால் பாம்பெசின் ஆன்டிபாடி இரண்டையும் பிடிக்கும். அறிக்கையில் 'பாம்பெசின் சார் வினை' என்று எழுதுங்கள். சப்ஸ்டன்ஸ் பி-யின் கடைசி இரண்டு அமினோ அமிலங்களும் இதே லியூசின், மெத்தியோனின்தான், வாலில் அமைடோடு. வால் நுனிக்கு எதிராக உருவான ஆன்டிபாடி அதையும் தொடலாம். காஸ்ட்ரினும் கோலிசிஸ்டோகைனினும் கடைசி ஐந்தைப் பகிர்ந்துகொள்கின்றன. தைராய்டு தூண்டு ஹார்மோன், கோரியானிக் கோனாடோட்ரோபின், இரண்டு பிட்யூட்டரி கோனாடோட்ரோபின்கள் ஆகிய நான்குக்கும் ஆல்பா துணை அலகு பொதுவானது. ஆகவே பீட்டா துணை அலகுக்கு எதிரான ஆன்டிபாடியாகப் பார்த்து வாங்குங்கள். கால்சிடோனினும் கால்சிடோனின் ஜீன் சார் பெப்டைடும் ஒரே ஜீனிலிருந்து வெவ்வேறு வெட்டுகளாக வருபவை. முன்னது செல்லில், பின்னது பெரும்பாலும் நரம்பில் எதிர்பார்க்க வேண்டியது. விற்பனையாளரிடம் விலை கேட்பதற்கு முன், 'எந்த அமினோ அமில வரிசைக்கு எதிராக?' என்று கேளுங்கள். பதில் தரத் தயங்கினால் அந்தப் பாட்டில் வேண்டாம்.

வந்தவுடன் 10 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து, உறைநிலையில் வைக்கச் சொன்னதை அங்கும், 4 டிகிரி என்றதை அங்கும் வையுங்கள். உருக்கி மீண்டும் உறையவைக்காதீர்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயலும், 2024 நவம்பர் 30-ல் ஃபெங்கலும் கரை கடந்த ஊர்ப்பக்கம் இது. மழைக்காலத்தில் ஜெனரேட்டர் இணைப்புள்ள குளிர்பெட்டி எது என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

சாயமிடும் நாள்

எல்லா பஃபரையும் வாலை வடித்த நீரில்தான் கரைக்க வேண்டும். கடலோர ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பும் சுண்ணாம்பும் மிகுதி. ஸ்லைடில் வெள்ளைப் படிவம் விழும், பிஎச் அளவும் நிற்காது. ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் குழாய் நீர் உதவும்: ஹெமடாக்சிலினை நீலமாக்கும்போது. அதன் காரத்தன்மை அங்கே வேலை செய்யும்.

சைலீனில் 5 நிமிடம் வீதம் மூன்று முறை. பிறகு 100%, 100%, 95%, 70% ஆல்கஹால், அப்புறம் நீர். 3% ஹைட்ரஜன் பெராக்சைடில் 10 நிமிடம். சுரண்டிய துண்டில் இரத்தம் அதிகம் என்பதால் இதைத் தவறவிட்டால் சிவப்பணுக்கள் எல்லாம் பழுப்பாகும்.

அடுத்து வெப்ப மீட்பு: ஃபார்மலினில் இறுகிய புரதங்களைச் சூட்டில் தளர்த்தி, ஆன்டிபாடிக்கு வழி திறப்பது. சிட்ரேட் பஃபருக்கு 1 லிட்டரில் இரட்டை நீர் மூலக்கூறு கொண்ட ட்ரைசோடியம் சிட்ரேட் 2.94 கிராம், பிஎச் 6.0. டிரிஸ்-இடிடிஏ பஃபருக்கு டிரிஸ் 1.21 கிராம், டைசோடியம் இடிடிஏ 0.37 கிராம், பிஎச் 9.0. எது பொருந்தும் என்பது ஆன்டிபாடியைப் பொறுத்தது. புதிய பாட்டில் என்றால் இரண்டிலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். எஃகு பிரஷர் குக்கர்தான் வேண்டும். அலுமினியத்தில் பஃபர் கறை பிடிக்கும். முதல் விசில் வந்த நொடியிலிருந்து நேரம் தொடங்குகிறது. தீயைக் குறைத்து 3 நிமிடம், பிறகு அடுப்பை அணையுங்கள். சமையலில் செய்வதுபோல் விசில் எண்ணாதீர்கள். ஒவ்வொரு குக்கரின் வெயிட்டும் வேறு, விசிலுக்கு விசில் இடைவெளியும் வேறு. ஆவி தானாக அடங்கட்டும். மூடியைக் குழாய்க்கடியில் காட்டிக் குளிர்த்தால் பஃபர் சட்டென்று கொதித்தெழுந்து செக்‌ஷனைப் பெயர்த்துவிடும். மூடி திறந்தபின் அதே பஃபரில் 20 நிமிடம் ஆறவிடுங்கள்.

கழுவும் பஃபர்: டிரிஸ் 6.05 கிராம், உப்பு 8.76 கிராம், ட்வீன்-20 அரை மில்லி, 1 லிட்டர், பிஎச் 7.6. மூன்று முறை கழுவி, 5% ஆட்டு சீரத்தில் 20 நிமிடம்.

ஆன்டிபாடி 1:100 என்றால், ஒரு ஸ்லைடுக்கு 150 மைக்ரோலிட்டர் வீதம் பத்து ஸ்லைடுக்கு 15 மைக்ரோலிட்டர் ஆன்டிபாடியும் 1,485 மைக்ரோலிட்டர் கரைப்பானும். முதல் தடவை 1:50, 1:100, 1:200, 1:400 என்று நான்கையும் கட்டுப்பாட்டுத் திசுவில் போட்டு, பின்னணி சுத்தமாகவும் செல் அடர்த்தியாகவும் தெரியும் நீர்ப்பைத் தேர்ந்தெடுங்கள். கையேட்டில் 'அறை வெப்பநிலையில் 60 நிமிடம்' என்று இருக்கும். அவர்களுடைய அறை 20 முதல் 25 டிகிரி. மே மாதக் கடலூரில் ஏசி இல்லாத அறை 36-ஐத் தாண்டும். ஓரம் உலர்ந்து, செக்‌ஷனைச் சுற்றிப் பழுப்புக் கோடு விழும். இந்த ஊருக்கு 4 டிகிரியில் இரவு முழுவதும் வைக்கும் முறைதான் பொருத்தம்: மூடியுள்ள தட்டு, அடியில் நனைத்த டிஷ்யூ தாள், அதன்மேல் இரண்டு கண்ணாடிக் குச்சி, குச்சிகள் மேல் ஸ்லைடு. தட்டைச் சமதளத்தில் வையுங்கள். குளிர்பெட்டியின் கம்பித் தட்டு சற்றே சாய்ந்திருந்தாலும் திரவம் ஒருபக்கம் ஒதுங்கி, ஸ்லைடின் மறுபக்கம் பொய்யாக நெகட்டிவ் ஆகும்.

மறுநாள் கழுவி, பாலிமர்-பெராக்சிடேஸ் 30 நிமிடம், மீண்டும் கழுவி, பழுப்பு நிறம் தரும் டிஏபி. கடிகாரத்தைவிட மைக்ரோஸ்கோப்பை நம்புங்கள். கட்டுப்பாட்டு ஸ்லைடு பழுப்பேறியதும் நிறுத்துங்கள், வழக்கமாக 5 நிமிடத்துக்குள். ஹெமடாக்சிலின் 30 நொடி போதும். ஒற்றைச் செல் தேடுகிற வேலையில் கருநீலம் அதிகமானால் மெல்லிய பழுப்பு புதைந்துபோகும். டிஏபி புற்று உண்டாக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படும் பொருள். கையுறை வேண்டும், கழிவைத் தொட்டியில் ஊற்றக் கூடாது.

கட்டுப்பாடுகள்

குரோமோகிரானினுக்கும் சோமாடோஸ்டேடினுக்கும் கணையத் தீவுகள். கால்சிடோனினுக்குத் தைராய்டின் மெடுல்லரி புற்று. செரோட்டோனினுக்கும் விஐபி நரம்புக்கும் குடல்வால். நோயியல் துறையில் தட்டுப்பாடே இல்லாத திசு. சப்ஸ்டன்ஸ் பி-க்குத் தண்டுவடத்தின் பின்கொம்பு.

ஆன்டிபாடி இல்லாத ஸ்லைடு மட்டும் போதாது. உறிஞ்சல் சோதனையும் செய்யுங்கள்: வேலைக்கான நீர்ப்பில் உள்ள ஆன்டிபாடியில் அதே பெப்டைடை மில்லிக்கு 10 மைக்ரோகிராம் கலந்து, 4 டிகிரியில் இரவு முழுவதும் வைத்து, பிறகு சாயமிட்டால் பழுப்பு மறைய வேண்டும். மறையவில்லை என்றால் நீங்கள் பார்த்தது அந்தப் பெப்டைடு அல்ல. உறவுப் பெப்டைடைக் கலந்தும் ஒருமுறை பாருங்கள். அப்போதும் மறைந்தால் முன்னே சொன்ன வால் ஒற்றுமை அங்கே வேலை செய்கிறது என்று அறியலாம்.

ஸ்லைடில் தேடுவது

நான்கு மடங்கு லென்சில் ஒன்றும் தெரியாது, சோர்ந்துவிடாதீர்கள். பத்தில் சிறுநீர்த்தாரையின் பல அடுக்கு எபிதீலியத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து நாளத்தின் சுவரோடு நடந்து போங்கள். சுவரில் ஒரு பழுப்புப் புள்ளி தட்டுப்பட்டால் நாற்பதுக்கு மாற்றுங்கள்.

இரண்டு உருவம் காண்பீர்கள். திறந்த வகைச் செல் கழுத்து நீண்ட கூஜா போல இருக்கும். வயிறு அடியில், மெலிந்த கழுத்து குமிழின் உள்வெளிவரை எட்டும். துகள்கள் பெரும்பாலும் கருவுக்குக் கீழே, அடிப்பக்கம் குவிந்திருக்கும். மூடிய வகைச் செல் உள்வெளியைத் தொடாது. அடிச்சவ்வை ஒட்டிப் படுத்து, பக்கத்துச் செல்களுக்கு இடையே வேர்போலக் கிளை நீட்டும். கிளை மட்டும் வெட்டில் சிக்கினால் பழுப்பு நூல்துண்டாகத் தெரியும். அது நரம்பு அல்ல. நரம்பு அடிச்சவ்வுக்கு வெளியே ஓடும்.

ஏமாற்றுபவை நான்கு. விந்துப்பையிலும் விந்து பீச்சு நாளத்திலும் உள்ள லிபோஃபஸ்சின் பொன்பழுப்புக் கட்டித் துகளாக இருக்கும். மைய மண்டலத்தை ஒட்டி இதைப் பார்த்துவிட்டு ஹார்மோன் என்று எண்ணியவர்கள் உண்டு. ஆன்டிபாடி இல்லாத ஸ்லைடிலும் அதே பழுப்பு இருந்தால் முடிவு தெளிவு. தேவையானால் டிஏபிக்குப் பதில் சிவப்பு நிறம் தரும் ஏஇசி போடுங்கள். அது ஆல்கஹாலில் கரையும் என்பதால் கிளிசரின் ஜெல்லியில்தான் மூட வேண்டும். இரண்டாவது, மின்வெப்பத்தில் கருகிய ஓரம். அங்கே எதையும் எண்ணக் கூடாது. மூன்றாவது, உள்வெளியில் தேங்கிய சுரப்பும் கல்லடுக்குத் துகள்களும். நான்காவது, ஹெமடாக்சிலின்-இயோசினில் செக்கச்செவேல் என்று துகள் நிறைந்து சிறுகுடலின் பேனத் செல்லைப் போலத் தெரிபவை. இவற்றில் சில உண்மையான நியூரோஎண்டோகிரைன் செல்களே, குரோமோகிரானின்தான் தீர்ப்பு சொல்லும்.

சாதாரணச் சுரப்பியிலும் இந்தச் செல்கள் உண்டு. அறிக்கையில் 'நியூரோஎண்டோகிரைன் செல்கள் காணப்பட்டன' என்ற வரியைப் பார்த்து நோயாளியின் குடும்பம் பதறத் தேவையில்லை. எழுதுகிறவரும் அதைப் பதற வைக்கும்படி எழுதக் கூடாது. அதேபோல இரத்தத்தில் குரோமோகிரானின் உயர்ந்திருந்தால், முதலில் நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோல் வகை மாத்திரை சாப்பிடுகிறாரா, சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டுமே அந்த அளவை ஏற்றும்.

எண்ணுவது

உட்கரு தெரியும் பாசிட்டிவ் செல்லை மட்டும் எண்ணுங்கள். ஐபீஸில் 22 என்று எழுதியிருந்தால், நாற்பது மடங்கு லென்சில் புலத்தின் விட்டம் 22-ஐ 40-ஆல் வகுத்த 0.55 மில்லிமீட்டர், பரப்பு சுமார் 0.24 சதுர மில்லிமீட்டர். 'ஒரு புலத்துக்கு இத்தனை' என்று மட்டும் எழுதினால் வேறு மைக்ரோஸ்கோப் வைத்திருப்பவருக்குப் பயன்படாது. அதைவிட நல்லது 100 குமிழ்களுக்கு எத்தனை என்பது. ஸ்ட்ரோமா அதிகமுள்ள முடிச்சில் பரப்பைக் கொண்டு வகுத்தால் எண்ணிக்கை தானாகக் குறைந்து காட்டும். மண்டலம் வாரியாகத் தனி வரி போடுங்கள். இருவர் தனித்தனியே, மற்றவர் எண்ணைப் பார்க்காமல் எண்ண வேண்டும்.

நரம்பு இழைகளுக்குத் தனி வழி

3 மைக்ரோமீட்டர் பாரஃபின் செக்‌ஷனில் இழை வெறும் புள்ளியாகத்தான் தெரியும். திசுவை 0.1 மோலார் பாஸ்பேட் பஃபரில் கரைத்த 4% பாராஃபார்மால்டிஹைடில் 4 டிகிரியில் ஓர் இரவு வைத்து, பிறகு 30% சர்க்கரைக் கரைசலில் மூழ்கும்வரை விடுங்கள். மிதந்தால் இன்னும் ஊறவில்லை என்று பொருள். கிரையோஸ்டாட்டில் 15 முதல் 20 மைக்ரோமீட்டர் தடிமனில் வெட்டுங்கள். முதலில் எல்லா நரம்பையும் காட்டும் பிஜிபி 9.5, அடுத்து தனித்தனிப் பெப்டைடு. முதலாவதில் இழை தெரிந்து இரண்டாவதில் தெரியவில்லை என்றால்தான் 'அந்தப் பெப்டைடு இல்லை' என்று சொல்ல முடியும்.

அளவு வேண்டுமானால்

ரேடியோஇம்யூனோ சோதனைக்கோ எலைசாவுக்கோ பச்சைத் திசு வேண்டும். எடுத்த சில நிமிடங்களில் உறையவைத்து, பின்னர் எடை போட்டு, 1 கிராமுக்கு 10 மில்லி வீதம் கொதிக்கும் 0.5 மோலார் அசிட்டிக் அமிலத்தில் 10 நிமிடம் வையுங்கள். 1 லிட்டர் தயாரிக்க அடர் அமிலம் சுமார் 29 மில்லி. கொதிநிலை புரதம் வெட்டும் நொதிகளை அடக்கிவிடும். இளஞ்சூட்டில் தொடங்கி மெதுவாகச் சூடேற்றினால் அந்த நொதிகளுக்கே நேரம் கொடுத்தது போலாகும். கிடைக்கும் எண், செல்லில் இருந்ததா நரம்பில் இருந்ததா என்று பிரித்துச் சொல்லாது. பக்கத்துத் துண்டிலிருந்து ஒரு பிளாக் போட்டு வையுங்கள்.

அறிக்கையில் ஒவ்வொரு வரியிலும் மண்டலம், வீடு, ஆன்டிபாடி குறிவைக்கும் வரிசை, நீர்ப்பு, மீட்பு பஃபர் ஆகியவை இருக்கட்டும். உதாரணத்துக்கு: 'சிறுநீர்த்தாரையை ஒட்டிய நாளங்கள், எபிதீலியத்தினுள், மூடிய வகைச் செல்கள், கால்சிடோனின் சார் வினை, 1:200, சிட்ரேட் பிஎச் 6.0, உறிஞ்சல் சோதனையில் மறைந்தது.' வெட்டி வைத்த, சாயமிடாத செக்‌ஷன்கள் அறை வெப்பத்தில் மாதக்கணக்கில் கிடந்தால் ஆன்டிஜென் மங்கும். சிலிக்கா ஜெல்லோடு 4 டிகிரியில் வைத்து, சில வாரங்களுக்குள் பயன்படுத்திவிடுங்கள். பிளாக்கை மட்டும் எறும்பும் வெயிலும் படாத அலமாரியில் வைத்தால் பல ஆண்டுகளுக்குப் பிறகும் வெட்டிப் பார்க்கலாம்.